உறவில்லாத ஒரு சாட்சி

என் மகள் ஆஸ்திரேலியக்காரி ஆன அன்று காலையில் நான் ஒரு பெரியவரின் முழங்கை மடிப்பில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். வற்றிய கை. தட்டிப் பார்த்தும் தடவிப் பார்த்தும் நரம்பு அகப்படவில்லை. கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு போனை எடுக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அதனால் எடுக்கவில்லை. ரத்தம் எடுத்து, குழாயில் சீட்டு ஒட்டி, பெரியவரைப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி உட்காரவைத்த பிறகுதான் பார்த்தேன்.

ஒரு படம் வந்திருந்தது: மெல்பர்னில் ஏதோ ஒரு நகராட்சி மண்டபம். மகளும் அவள் அப்பாவும் நிற்கிறார்கள். அவர் கையில் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். அவள் கையில் சின்னத் தொட்டியில் ஒரு செடி. அங்கே குடியுரிமை வாங்குகிறவர்களுக்குச் செடி ஒன்று கொடுத்து அனுப்புவார்களாம், பிறகு அவளே சொன்னாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காதில் கம்மல் இல்லை. போன வருஷம் காந்தி பஜாரில் நான் வாங்கிக் கொடுத்த கம்மல். அதைத்தான் முதலில் கவனித்தேன், செடியை அப்புறம்தான் கவனித்தேன். பெரியவர், "பஞ்ச எடுத்துடட்டுமாம்மா?" என்று கேட்டார். எடுத்துவிடுங்கள் என்றேன்.

நான் செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். ஊரில் பாதிப் பேரின் சர்க்கரை அளவு எனக்கு மனப்பாடம். யார் டாக்டரிடம் பொய் சொல்கிறார்கள், யார் வீட்டில் பொய் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். என்னைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது ஒரு வரிதான்: புருஷன் வெளிநாட்டில், பிள்ளை அவரோடு, இவள் இங்கே. அதற்கு மேல் கேட்க நினைக்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். என் முகத்துக்கு அந்தப் பழக்கம் உண்டு.

எங்கள் பிரிவுக்குக் கோர்ட்டு, கேசு எதுவும் கிடையாது. நாங்கள் தமிழ்ச் சமணர்கள், செஞ்சியைச் சுற்றிக் கொஞ்சம் ஊர்களில் மட்டும் இருக்கிற சின்னக் கூட்டம். யாரை எடுத்தாலும் ஏதாவது ஒரு வழியில் சொந்தமாகிவிடுவார்கள். வீட்டு விஷயத்தைக் கோர்ட்டுப் படி ஏற்றினால் கூட்டம் மொத்தத்துக்கும் தலைகுனிவு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். அதனால் எனக்கும் அவருக்கும் சேர்ந்து இருக்க முடியாது என்று ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, காபி குடித்து, பேசி முடித்தார்கள். மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் அப்பாவோடு போய் அங்கே படிக்கட்டும். வருஷா வருஷம் பெரிய லீவுக்கு அம்மாவிடம் அனுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் தீர்ப்பு. எனக்கு அப்போது வேலை இல்லை, அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருந்தேன். என்னை ஒருவர் கேட்டார், "இன்னாம்மா, உனுக்கு சம்மதம்தானே?" என்று. கேட்டுக்கொண்டே காபி டம்ளரைக் கீழே வைத்தார். கேள்வியே முடிந்துபோன குரலில் இருந்தது. நான் தலையாட்டினேன். யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்களுக்கு வாய்ச்சொல் போதும்.

மகளின் அப்பா அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். கொரோனாவில் விட்டுப்போன டிசம்பர்கள் தவிர, ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் சிங்கப்பூர் வழியாகத் தனியாகப் பறந்து வந்துவிடுவாள். விமானக் கம்பெனி ஆள் ஒருவர் கூடவே வந்து என்னிடம் ஒப்படைப்பார். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்ல வேறு எவ்வளவோ இருக்கிறது.

மற்ற பத்தரை மாதமும் வீட்டில் நான் மட்டும்தான். திண்டிவனம் ரோட்டை ஒட்டிய சந்தில் மாடியில் ஒரு போர்ஷன். எங்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். நிலையத்திலிருந்து ஐந்து மணிக்கு வந்து, அவசர அவசரமாக ரசமோ கூட்டோ வைத்து, ஜன்னலில் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுவேன். பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் ராத்திரி தொடங்கிவிடும். ஆறு மணிக்கே தொடங்குகிற ராத்திரி எவ்வளவு நீளம் என்று தனியாக இருக்கிற சமணப் பொம்பளையைத்தான் கேட்க வேண்டும். நான் தட்டைக் கவிழ்க்கும் நேரத்துக்கு மெல்பர்னில் அவள் தூங்கிப் போயிருப்பாள். அதனால் சாயங்காலத்தில் போன் வரும் என்ற எதிர்பார்ப்புகூட இருக்காது. பேசுவதெல்லாம் ஞாயிறு மத்தியானம்தான்.

அப்படி ஒரு ஞாயிறு, அந்தச் செடிப் படம் வந்த அடுத்த வாரம், அவள் சொன்னாள்: "அம்மா, டிசம்பர்ல வர்றதுக்கு எனக்குப் புது பாஸ்போர்ட் வேணும். அதுக்கு உன் சைன் வேணுமாம்."

"பழைய பாஸ்போர்ட்டுக்கு இன்னா ஆச்சி? இன்னும் டைம் இருக்குதே."

"அது தெரியலம்மா. அப்பாகிட்ட குடுக்கறேன்."

அவருடைய குரலை நான் கேட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நாங்கள் செய்தி அனுப்பிக்கொள்வதோடு சரி. அவர் நிதானமாகத்தான் பேசினார். நிதானமாகப் பேசுவதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

"அவ இப்ப இந்த நாட்டு சிட்டிசன். இந்திய பாஸ்போர்ட்ல இனிமே டிராவல் பண்ணக் கூடாது, சட்டப்படி தப்பு. அத சரண்டர் பண்ணியாச்சு. புதுசு எடுத்தாதான் ஃபிளைட் ஏற முடியும்."

"அவள சிட்டிசனா ஆக்கச் சொல்லி யாரு கேட்டா?"

"நான் அப்ளை பண்ணேன். பதினாறு வயசுக்குக் கீழ இருக்கற பசங்களை அதுலயே சேத்துக்கலாம். பேப்பர் வேலை நடக்குதுன்னு உங்கிட்ட சொன்னேனே."

சொல்லியிருந்தார். பேப்பர் வேலை என்றால் வீட்டுக் கடன் என்று நான் நினைத்திருந்தேன்.

"அதுக்கெல்லாம் என் கையெழுத்து வேணாம், இதுக்கு மட்டும் வேணுமா?"

"சிட்டிசன்ஷிப்புக்கு ஒருத்தர் போதும். பாஸ்போர்ட்டுக்கு அம்மா அப்பா ரெண்டு பேரும் போடணும். பிள்ளை எங்கிட்டதான்னு கோர்ட்டு ஆர்டர் இருந்தா நான் மட்டும் போட்டுடலாம். நமக்குத்தான் ஆர்டர் எதுவும் இல்லையே."

போனை வைத்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அந்தக் கூடத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமையில், என்னிடமிருந்த எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டு போனவர்கள் என் கையெழுத்து ஒன்றை வாங்க மறந்துவிட்டார்கள். எழுதி வாங்குவது நம் வழக்கமில்லை என்று இருந்துவிட்டதால், கடல் தாண்டி இருக்கிற ஒரு நாட்டின் கணக்கில் நான் இன்னும் முழு அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரிப்பது நல்லதில்லை என்று எழுந்து துணி துவைக்கப் போனேன்.

அண்ணனிடம் சொன்னேன். அண்ணனுக்கு மார்க்கெட் கமிட்டியில் நெல், மணிலாக் கடலை வாங்கி விற்கிற தொழில். எதையும் விலை பேசாமல் கொடுப்பது அவருக்குப் பழக்கமில்லை.

"கையெழுத்த சும்மா குடுத்துடாதம்மா," என்றார். "ஆறு வருஷம் கழிச்சி இப்பதான் உன் கையில ஒண்ணு இருக்குது. உக்காந்து பேசுவோம். பொண்ண பத்தாவது வரிக்கும் இங்க உட்டுப் படிக்க வெக்கச் சொல்லு. இல்லன்னா வருஷத்துல பாதி நாள் இங்க."

"அவ கத்திரிக்காயாண்ணா, பாதி பாதியா வாங்கறதுக்கு?"

"உன் நல்லதுக்குதான் சொல்றன். அப்புறம் உன் இஷ்டம்."

கோபமாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேனே தவிர, அவர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மெல்பர்னிலிருந்து வந்திருந்த படிவத்தை எடுத்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. நான் போடாவிட்டால் அவள் அந்தக் கண்டத்தை விட்டு நகர முடியாது. அவர் எவ்வளவு நிதானமாகப் பேசினாலும் நகர முடியாது. அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு கேவலமான சந்தோஷம் இருந்தது. நான் இல்லாமல் நடக்காத காரியம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற சந்தோஷம். வேலைக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் நிமிர்ந்து நடந்தேன். சாயங்காலம் சாப்பிட்டுத் தட்டைக் கவிழ்த்த பிறகுதான் மற்ற பாதி ஞாபகம் வரும். நகர முடியாதவள் என்னிடமும் வர முடியாது. டிசம்பரில் இந்த ஜன்னல் இப்படியேதான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு அவள் கேட்டாள். "டிக்கெட் ரேட் ஏறிட்டே இருக்குதாம், அப்பா கேக்கச் சொன்னாரு. நீ பிஸியா இருந்தா பரவால்லம்மா."

ஏழு வயதில் அவள் ஏர்போர்ட்டில் என் புடவையை விடாமல் பிடித்துக்கொண்டு கத்தினாள். இரண்டு பேர் சேர்ந்து விரலைப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை பரவாயில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அண்ணன் மேல், அவர் மேல், என் மேல், எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது. நாளைக்கே போடுகிறேன் என்றேன்.

கையெழுத்தை நான் மட்டும் போட்டால் போதாது. நான் போடுவதைப் பார்த்து ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் அதற்கும் நிபந்தனை இருந்தது: சாட்சி எனக்கு உறவினராக இருக்கக் கூடாது. இதை அண்ணனிடம் படித்தே காட்டினேன். "நம்ப வக்கீல் மாமா இருக்கும்போது வேற யார்கிட்ட போறது?" என்றார் அவர். வக்கீல் மாமா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. செஞ்சி கோர்ட்டில் வெகுகாலமாக இருக்கிறார். நோட்டரி முத்திரையும் வைத்திருக்கிறார்.

அவரிடமும் அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"உறவுன்னா இன்னா அர்த்தம்? அம்மா, அப்பா, கூடப் பொறந்ததுங்க. நான் தூரத்துச் சொந்தம். அதெல்லாம் இதுல வராது, குடு."

வக்கீல் சொல்லும்போது ரத்தம் எடுக்கிறவள் என்னத்தைப் பேசுவது. நான் கையெழுத்துப் போட்டேன். அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதோடு விடவில்லை. இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்த இடத்தில், மை பேனாவால் கொழுகொழுவென்ற ஆங்கிலத்தில், 'இவள் என் மருமகள் முறை, பிறந்ததிலிருந்து தெரியும், என் மடியில் வளர்ந்தவள்' என்று எழுதினார். நோட்டரி முத்திரை குத்தினார். அதுவும் போதாதென்று முத்திரைத்தாளில் தனியாக ஒரு உறுதிமொழி அடிக்கச் சொல்லி, அதிலும் சிவப்பு முத்திரை வைத்து, நூல் கோத்துக் கொடுத்தார். எனக்கும் அதைப் பார்த்துத் திருப்தியாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் சாட்சி என்றாலே சொந்தக்காரன்தான். கல்யாணமோ கடனோ, எவ்வளவு நெருங்கிய சொந்தமோ அவ்வளவு கனமான சாட்சி. உறவே இல்லாதவன் வந்து சாட்சி சொன்னால், இவனுக்கு இங்கே என்ன வேலை என்று பார்ப்பார்கள். முத்திரைகளோடு கனத்துப்போன அந்த உறையை அன்றைக்கே கூரியரில் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மெல்பர்னிலிருந்து அவர் கூப்பிட்டார். இந்த முறை நிதானம் இல்லை.

"திருப்பி அனுப்பிட்டாங்க. சாட்சி உறவுன்னு அவரே எழுதியிருக்காரு. மடியில் வளர்ந்தவளாம். படிச்சுப் பாக்க மாட்டியா?"

"படிச்சேன். அவரு வக்கீலு."

"புது ஃபார்ம் அனுப்பறேன். உறவில்லாத, உன்னைத் தெரிஞ்ச ஒரு ஆள். அவ்வளவுதான் கேக்கறாங்க. ஊர்ல அப்படி ஒருத்தர்கூடவா கிடைக்கல?"

போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்யப் போவதாகச் சொன்னார். டிசம்பர் போயிற்று. ஜனவரிக் கடைசியில் அங்கே பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எப்போது முடிகிறதோ அப்போது அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அவர் கோபத்தில் கேட்டதுதான். நான் அன்று சாயங்காலம் அதை உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன். வாடகை வாங்குகிற வீட்டுக்காரர், எங்கள் பெரியப்பா வழி. நிலையத்து டாக்டரின் மனைவி, அண்ணிக்கு ஒன்றுவிட்ட தங்கை. கோயிலில் பார்க்கிற ஒவ்வொரு முகமும் ஏதோ ஒரு முறை வைத்துத்தான் என்னைக் கூப்பிடும். மளிகைக்கடைக்காரர் சொந்தமில்லை, ஆனால் அவருக்கு என் பேர் தெரியாது. 'மாடி வீட்டம்மா' என்றுதான் சீட்டில் எழுதுவார். தெரிந்தவர்கள் எல்லாரும் உறவு, உறவில்லாத யாருக்கும் என்னைத் தெரியாது. உறவுகளுக்கும் என்னை என்ன தெரியும் என்று அடுத்ததாகத் தோன்றியது. மடியில் வளர்ந்தவள் என்று எழுதிய மாமா, இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட என் மாடி ஏறி வந்ததில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. சத்தமாகவே அழுதேன். கீழ் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது.

நிலையத்தில் முன்னால் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற பெண் சிங்கவரத்திலிருந்து வருகிறவள். விவசாயக் குடும்பம், பஸ் கிடைக்காவிட்டால் சைக்கிளில் வந்துவிடுவாள். நாலு வருஷமாக ஒரே மேஜையில் மத்தியானம் சாப்பிடுகிறோம். நான் அவளிடம் என் சங்கதி எதையும் பேசியதில்லை. அவள் வாய் ஓயாமல் பேசுவாள், நான் உம் கொட்டுவேன். அவளிடம் கேட்கலாம் என்பது எனக்கு நாலு நாள் கழித்துத்தான் தோன்றியது. தோன்றிய பிறகும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒரு கையெழுத்து போடணும், உனுக்கு ஒண்ணும் கஷ்டம் வராது," என்று ஆரம்பித்தேன்.

அவள் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். "இதுக்குதான் நாலு நாளா டப்பாவ தொறந்து தொறந்து மூடிக்கினு இருந்தியாக்கா?"

"நீ பாத்தியா?"

"பாக்காம? போன மாசம் ஒரு வாரம் நல்லா நிமுந்து நடந்து வந்த. அப்புறம் ஒரு நாள் கண்ணு வீங்கி வந்த. ஞாயித்துக்கெழம பாப்பா பேசலன்னா திங்கக்கெழம நீ யார்கிட்டயும் பேச மாட்ட. எனுக்குத் தெரியாதா?"

நான் டப்பாவை மூடி ஓரமாக வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாய் விரித்த கூடம், செடி, அண்ணன், ஃபிரிட்ஜ் மேல் ஒரு வாரம் கிடந்த தாள், மாமாவின் மடி. ரத்தம் எடுத்த குழாய்களைச் சுற்றுகிற மெஷின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமாவின் மடிக்கு அவள் சிரித்தாள்.

"நீ போட்டா பாப்பா வரும், போடலன்னா வராது. அவ்ளோதானே? பேனா குடு."

"ஒரு தடவ போட்டுட்டா அவ வெளிநாட்டுக்காரிதான்."

"இப்ப மட்டும் இன்னா, சிங்கவரத்துலயா இருக்குது?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் எழுந்து போயிருப்பேன். அவள் கை கழுவிவிட்டு வந்து, நான் போடுவதைப் பார்த்து, தமிழில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். எப்படித் தெரியும் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். கூட வேலை செய்கிறோம் என்று ஆங்கிலத்தில் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். முத்திரை எதுவும் இல்லாமல் அந்தத் தாள் மொட்டையாக இருந்தது. அது போதுமா என்று எனக்குப் பயமாகவே இருந்தது. போதுமானதாக இருந்தது.

பாஸ்போர்ட் வந்த பிறகு இந்தியாவுக்கு வர விசா எடுக்க வேண்டும். செஞ்சியில் பிறந்தவளுக்கு, செஞ்சிக்கு வர. விசா விண்ணப்பத்தில் இந்தியாவில் தெரிந்தவர் ஒருவரின் முகவரி கேட்கிறார்கள், உன் பேரைப் போட்டுக்கொள்கிறேன் என்று அவர் செய்தி அனுப்பினார். அம்மா என்று போட இடம் இல்லையா என்று கேட்டேன். அதுவும் இருக்கிறது, இரண்டிலும் உன் பேர்தான் என்று பதில் வந்தது. சண்டை பிடிக்க அதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் எனக்கு அன்றெல்லாம் எரிச்சலாக இருந்தது.

பொங்கல் முடிந்து, மாட்டுக்குக் கட்டின பலூனெல்லாம் சுருங்கிப்போன பிறகு வந்து சேர்ந்தாள். ஆறு வாரம் இருந்துவிட்டுப் போகிறவளுக்கு இந்த முறை பத்து நாள்கூட முழுசாக இல்லை. மீனம்பாக்கத்தில் வெளியே நின்று காத்திருந்தேன். அதே விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் வண்டியேறிப் போன பிறகுதான் வந்தாள். என்னை விட இரண்டு விரல் உயரமாகியிருந்தாள்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?"

"ஃபாரினர்ஸ் லைன்ல நின்னேம்மா. ஃபிங்கர் பிரிண்ட் எடுத்தாங்க. பயமாலாம் இல்ல," என்றாள். கேட்காமலே அதைச் சேர்த்துச் சொன்னாள்.

வீட்டில் அவள் நல்ல பிள்ளையாக இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். குளிக்கப் போகலாமா என்று கேட்டுவிட்டுப் போனாள். அஞ்சரை மணிக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், முகம் கோணாமல். எட்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பசிக்கிறதா என்றால் இல்லை என்றாள். நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். பொழுது சாய்ந்த பிறகு அந்த வீட்டில் நான் அடுப்பு மூட்டியது அதுதான் முதல் தடவை. எதிர் மாடியில் இருக்கும், எனக்குச் சித்தி முறையானவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று தோசையைத் திருப்பிப் போட்டேன். அவள் நாலு தோசை சாப்பிட்டாள். ஒவ்வொன்றுக்கும், "தேங்க்ஸ்ம்மா," என்றாள். நாலாவது தேங்க்ஸுக்கு நான், "போதும்டி, ஓட்டல்ல உக்காந்திருக்கிறியா?" என்று கத்திவிட்டேன். அவள் திகைத்துப் போனாள். பிறகு மெதுவாக, "சாரிம்மா," என்றாள்.

ஒரு மத்தியானம் அவளைச் சிங்கவரத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். என் சாட்சிக்காரி தன் கழனியில் நெல் அறுப்பு நடக்கிற வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். மகளைப் பார்த்து முதலில் கேட்டது, "சாப்டியா?" என்றுதான். பிறகு, "உன் பாஸ்போட்ட காட்டு, என் கையெழுத்து எப்டி வந்திருக்குதுன்னு பாக்கறன்," என்றாள். மகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நீல அட்டை. கங்காருவும் ஈமு கோழியும் அதில் இருந்தன. சாட்சிக்காரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கடைசிவரை போனாள்.

"எங்க இருக்குது?"

"அது ஃபார்ம்ல இருக்கும் ஆன்ட்டி. அவங்களே வெச்சிப்பாங்க."

"அப்ப உங்கம்மா பேராவது?"

நானும் அப்போதுதான் கவனித்தேன். பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பேர், அதற்குக் கீழே அம்மா பேர், அதற்குக் கீழே செஞ்சி விலாசம் அச்சாகியிருக்கும். இதில் அப்படி ஒரு பக்கமே இல்லை. அவர் பேரும் இல்லைதான். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று பார்த்தேன், இருக்கவில்லை. "அவங்க நாட்டுல அந்த வழக்கம் இல்லபோல," என்று சொல்லிவிட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கி மகளின் பையில் வைத்தேன். சாட்சிக்காரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எங்களுக்கு வேர்க்கடலை வறுக்க உள்ளே போனாள்.

மகள் திரும்பிப் போன அன்று மீனம்பாக்கத்தில் விமானக் கம்பெனிப் பையன் ஒருவன் தாள் ஒன்றை நீட்டினான். தனியாகப் பயணம் போகிற குழந்தையை ஒப்படைக்கிறவர் கையெழுத்து. ஒவ்வொரு வருஷமும் போடுவதுதான். மேஜையில் குனிந்து போட்டுக்கொண்டிருந்தபோது மகள் என் தோளில் கை வைத்தாள். அத்தனை நாளில் அவளாகவே என்னைத் தொட்டது அதுதான்.

"இந்தத் தடவ உனக்கு ரொம்ப தொந்தரவு ஆயிடுச்சு இல்லம்மா?" என்றாள். "அந்த ஃபார்ம், அந்த தாத்தா, திரும்ப அந்த ஆன்ட்டி. எல்லாம். இனிமே அப்படி இருக்காதும்மா. இந்த பாஸ்போர்ட் அஞ்சு வருஷம் இருக்கும். முடியறப்ப எனக்குப் பதினெட்டு ஆயிடும். உன் சைன் வேணாம். நானே எடுத்துப்பேன்."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். இதைச் சொல்ல வேண்டும் என்று நாலைந்து நாளாக யோசித்து வைத்திருப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அந்தத் தொந்தரவு வேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. இன்னும் பத்து தடவை படிவம் திரும்பி வரட்டும், நான் ஊரெல்லாம் ஆள் தேடி அலைகிறேன், நீ மட்டும் என் கையெழுத்து வேண்டாத ஆளாக ஆகிவிடாதே என்று. பையன் தாளை வாங்கிப் பார்த்தான். உறவு என்ற இடத்தை நான் நிரப்பவில்லையாம்.

"நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும் மேடம்?"

"அம்மா," என்றேன். அவன் எழுதிக்கொண்டு அவளை உள்ளே அழைத்துப் போனான்.